பெர்னாண்டோ: ஒரு போர்ச்சுகீசியப் பெயரை முதலிலிருந்து புரிந்துகொள்வோம்

தூத்துக்குடியிலோ நீர்கொழும்பிலோ ஒருவர் தன் பெயரோடு 'பெர்னாண்டோ' என்று சேர்த்துச் சொன்னால், எதிரில் இருப்பவரிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அப்ப உங்க முன்னோர் போர்ச்சுகல்காரங்களா?" என் நண்பர் ஒருவர் கல்லூரிக் காலத்திலிருந்து இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர். அவருக்காகத்தான் இந்தப் பெயரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இந்தப் பெயரைப் பற்றி நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வதில் மூன்று தவறுகள் இருக்கின்றன. பெர்னாண்டோ ஒரு போர்ச்சுகீசியக் குடும்பப் பெயர் என்று நினைக்கிறோம். அதற்கு 'துணிச்சலான பயணி' என்று பொருள் என நம்புகிறோம், குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் ஒரே வரியில் அப்படித்தான் சொல்கின்றன. பெயர் வந்த வழியில்தான் ரத்தமும் வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## அது பையனுக்கு வைக்கும் பெயர்

நம் ஊரில் ஒருவர் பெயர் 'மு. ராமசாமி' என்றால் என்ன புரிந்துகொள்கிறோம்? ராமசாமி அவருடைய பெயர். 'மு' என்பது அப்பா முத்துவின் பெயர். ராமசாமியின் மகன் கண்ணன், 'ரா. கண்ணன்' ஆகிறான். முத்துவின் எழுத்து அந்தத் தலைமுறையோடு போய்விடுகிறது.

இடைக்காலப் போர்ச்சுகலிலும் இதே முறைதான் இருந்தது. அப்பா பெயரை எழுத்தாகச் சுருக்கி முன்னால் போடுவதற்குப் பதில், அதன் வாலில் '-எஸ்' என்று ஒரு ஒட்டைச் சேர்த்துப் பின்னால் போட்டார்கள். இப்படி அப்பா பெயரிலிருந்து உண்டாகும் பெயரைத் தந்தைவழிப் பெயர் என்று சொல்வோம். போர்ச்சுகலின் முதல் அரசர் அபோன்சோ என்ரிக்கஸ், 12ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய அப்பா பெயர் என்ரிக்கே. பெயரிலேயே 'என்ரிக்கேயின் மகன் அபோன்சோ' என்று இருக்கிறது.

அதே கணக்கில், பெர்னாண்டோவின் மகன் 'பெர்னாண்டஸ்'. ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ். மார்ட்டினின் மகன் மார்ட்டின்ஸ். இலங்கையில் ஊர் ஊராக நடந்து ஊழியம் செய்த புனிதர் யோசப் வாஸ் அவர்களின் 'வாஸ்' கூட இப்படி வந்ததுதான். வாஸ்கோவின் மகன் வாஸ்கஸ், அது தேய்ந்து வாஸ். இலங்கையின் மெண்டிஸ், பீரிஸ் இரண்டும் இந்த வகைதான். ஆனால் பெரேரா, சில்வா அப்படியல்ல: முதலாவது பேரிக்காய் மரம், இரண்டாவது காடு.

நம் முறைக்கும் அவர்கள் முறைக்கும் ஒரு கட்டத்தில் வழி பிரிந்தது. இடைக்காலத்தின் முடிவில் அங்கே தந்தைவழிப் பெயர்கள் உறைந்துபோயின. அதாவது, அப்பா பெயர் என்னவாக இருந்தாலும் பெர்னாண்டஸ் வீட்டுப் பிள்ளைகள் எல்லாத் தலைமுறையிலும் பெர்னாண்டஸ் ஆனார்கள். புன்னைக்காயலில் வாழ்ந்து, 1578இல் கொல்லத்தில் தமிழ் நூலை அச்சிட்ட என்ரிக்கே என்ரிக்கஸ் அடிகளாரின் பெயர் 'என்ரிக்கேயின் மகன் என்ரிக்கே' என்று ஒலிக்கிறது. ஆனால் அவர் காலத்தில் அது வெறும் குடும்பப் பெயராகிவிட்டிருந்தது. அதை வைத்து அவருடைய அப்பா பெயரைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, இதுவரை வந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். போர்ச்சுகலில் பெர்னாண்டோ என்பது பையனுக்கு வைக்கும் பெயர். அதிலிருந்து பிறந்த குடும்பப் பெயர் பெர்னாண்டஸ். கோவாவிலும் மங்களூரிலும் பெர்னாண்டஸ் என்ற வடிவம்தான் பரவியிருக்கிறது. பெர்னாண்டோ என்ற முதற்பெயரே குடும்பப் பெயராகப் பெருகியது இலங்கையிலும், தூத்துக்குடியை ஒட்டிய கடலோரமான நம் முத்துக்குளித்துறையிலும்தான்.

## பொருள் எங்கே இருக்கிறது?

'முத்துலட்சுமி' என்ற பெயருக்கு என்ன பொருள்? முத்து என்றால் தெரியும், லட்சுமி என்றால் தெரியும். இரண்டும் சேர்ந்தால் 'முத்துப் பதித்த லட்சுமி'யா, 'முத்துப் போன்ற லட்சுமி'யா? யாரும் அப்படிக் கேட்பதில்லை. பாட்டி பெயரில் முத்து இருந்தது, அம்மாவுக்கு லட்சுமி இஷ்டம், சேர்த்து வைத்தார்கள். இரண்டு நல்ல சொற்கள், அவ்வளவுதான்.

பெர்னாண்டோவும் இந்த மாதிரி ஒட்டுப் பெயர்தான். அதன் மூலம் போர்ச்சுகீசிய மொழியே அல்ல. கோத்துகள் என்ற ஜெர்மானிய மக்களின் மொழியிலிருந்து வந்தது. அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளாக இருக்கும்: அமைதி, போர், புகழ், செல்வம், வலிமை என்று ஒரு சொல் முன்னால், இன்னொன்று பின்னால். அப்பாவின் பெயரிலிருந்து ஒன்று, தாத்தாவின் பெயரிலிருந்து ஒன்று என்று எடுத்துக் கோத்துக்கொள்வதும் உண்டு.

பெர்னாண்டோவின் பின்துண்டு 'நந்த்'. அது துணிவைக் குறிக்கும் சொல் என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இல்லை. முன்துண்டில்தான் இரண்டு கருத்து இருக்கிறது. 'ஃபர்த்', அதாவது பயணம், என்கிறார்கள் சிலர். 'ஃப்ரித்', அதாவது அமைதி, என்கிறார்கள் வேறு சிலர். ஐபீரியத் தீபகற்பத்தின் (அதாவது இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியின்) பழைய ஆவணங்களில் இந்தப் பெயர் 'ஃப்ரெதெனந்துஸ்' என்ற வடிவில் வருகிறது. அதை வைத்துப் பார்த்தால் எனக்கு அமைதி என்பதே பொருத்தமாகப் படுகிறது. 'ஃபர்த்' என்று தொடங்கிய பெயருக்கு 'ஃப்ரெ' என்ற தொடக்கம் எங்கிருந்து வரும்?

ஆக, 'அமைதி', 'துணிவு' என்ற இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 'துணிச்சலான பயணி' என்பது பிற்காலத்தவர் அவற்றுக்கு இடையே தாங்களாகப் போட்ட பாலம். கடலோடிகளின் நாட்டுக்கு அது பொருத்தமாக அமைந்துவிட்டதால் எல்லோருக்கும் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். ஆனால் இந்தப் பெயர் உண்டானபோது போர்ச்சுகல் என்ற நாடே கிடையாது.

## கோத்துப் பெயர் ரோமானியர் வீட்டுக்குள் வந்தது எப்படி?

என் பார்வையில் இந்தக் கதையின் மையம் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் தூத்துக்குடிக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

கி.பி. 409இல் ஸ்வேவியர், வண்டால்கள் முதலிய கூட்டத்தினர் பைரனீஸ் மலையைத் தாண்டி ஐபீரியாவுக்குள் வந்தார்கள். அவர்களில் ஸ்வேவியர் வடமேற்கு மூலையில், இன்றைய பிராகா நகரைத் தலைநகராக வைத்து ஓர் அரசை அமைத்தார்கள். 585இல் கோத்துகளின் ஒரு பிரிவான மேற்குக் கோத்துகள் அந்த அரசையும் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். 711இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இசுலாமியப் படை கோத்து அரசை முடித்துவைத்தது.

ஆண்டவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை. நிலத்தில் உழுதவர்கள், நகரங்களில் வாழ்ந்தவர்கள், கோயில்களில் பூசை வைத்தவர்கள் பெரும்பாலும் ரோமானியர் ஆட்சிக் காலத்திலிருந்தே லத்தீன் பேசிய பழைய மக்கள்தான். கோத்துகளும் காலப்போக்கில் தங்கள் மொழியை விட்டுவிட்டு லத்தீன் பேச ஆரம்பித்தார்கள். மொழி போயிற்று, அரசும் போயிற்று. ஆனால் பெயர்கள் மட்டும் பெருகிக்கொண்டே இருந்தன. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வடமேற்குப் பகுதியில் எழுதப்பட்ட நிலப் பத்திரங்களை எடுத்தால், அவற்றில் வரும் ஆட்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஜெர்மானியப் பெயர்தான். பெர்னாண்டோ மட்டுமல்ல, அபோன்சோ, ரொட்ரிகோ, ஆல்வரோ, கொன்சாலோ எல்லாம் அந்தக் கூட்டம்தான்.

இத்தனை பேரும் கோத்து வம்சமா? இருக்க முடியாது. அதிகாரத்தில் இருந்தவர்களின் பெயர்கள் கௌரவமாகத் தெரிந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைக்கு வைத்தார், பிறகு நாமும் வைக்கலாம் என்று தோன்றியது. நம் ஊரில் எத்தனை ஸ்டாலின், லெனின், சுபாஷ் சந்திர போஸ் இருக்கிறார்கள்! மதுரைப் பக்கம் ஒரு போஸைப் பார்த்து "நீங்க வங்காளியா?" என்று யாரும் கேட்பதில்லை. அப்பாவின் மனதில் யார் உயர்வாக இருந்தார் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், போர்ச்சுகலிலேயே பெர்னாண்டோ என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பெயர். அந்த நாட்டின் முதல் பெர்னாண்டோக்களில் பலருக்கே அந்தப் பெயரோடு ரத்த உறவு கிடையாது.

## மதுரை மருதை ஆன மாதிரி

கிராமத்தில் மதுரையை 'மருதை' என்பார்கள், குதிரையைக் 'குருதை' என்பார்கள். எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்கின்றன. இதை ஒலி இடமாற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரெதெனந்துஸுக்கும் இதுதான் நடந்தது. 'ஃப்ரெ' புரண்டு 'ஃபெர்' ஆனது, நடுவில் இருந்த 'தெ' தேய்ந்து விழுந்தது, கடைசி 'ஸ்' லத்தீனோடு போயிற்று. மிச்சம்தான் பெர்னாண்டோ.

இதற்கு இன்னொரு குட்டை வடிவமும் போர்ச்சுகலில் உண்டு: 'பெர்னாவ்'. கடைசி ஒலியை மூக்கால் சொல்ல வேண்டும். பின்னால் குடும்பப் பெயர் வரும்போது முதற்பெயரை அவசரமாகச் சொல்லிச் சொல்லிச் சுருங்கிய வடிவம் அது. மேற்கு வழியாக மசாலாத் தீவுகளைத் தேடிப் புறப்பட்டு 1521இல் பிலிப்பைன்சின் மக்தான் தீவில் கொல்லப்பட்ட மாலுமியை நாம் பள்ளியில் 'பெர்டினாண்ட் மெகல்லன்' என்று படித்தோம். அவருடைய ஊரில் அவர் பெர்னாவ் டி மகல்யாய்ஷ். பெர்டினாண்ட், பெர்னாவ், பெர்னாண்டோ மூன்றும் ஒரே பெயர்தான்.

பக்கத்து ஸ்பெயினில் சொல்லின் முதலில் வந்த 'ஃப' ஒலி பல இடங்களில் மறைந்துபோனதால் அங்கே இதே பெயர் 'எர்னான்' என்றும் ஆனது. மெக்சிகோவை வென்ற கோர்த்தேசின் பெயர் அதுதான். கட்டலோனியாவில் 'பெர்ரான்'.

ஜெர்மன்காரர்கள் பெர்டினாண்ட் என்ற பெயரை நேரடியாகத் தங்கள் மூதாதையரிடமிருந்து பெற்றார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நடந்தது வேறு. 1503இல் ஸ்பெயினில், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தில் பிறந்த ஓர் இளவரசனுக்கு, தாய்வழித் தாத்தாவான அரகான் (ஸ்பெயினின் ஒரு பகுதி) அரசரின் பெயரை வைத்தார்கள். அவன் வளர்ந்து ஆஸ்திரியாவை ஆண்டபோது அந்தப் பெயரும் அங்கே வேரூன்றியது. ஜெர்மானிய மூலத்தில் பிறந்த பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பெயின் வழியாக ஜெர்மன் பேசும் நாட்டுக்குத் திரும்பியிருக்கிறது! அதோடும் நிற்கவில்லை. 1816இல் வியன்னாவில் பெர்டினாண்ட் என்ற பெயரோடு பிறந்த ஓர் இளவரசர், போர்ச்சுகல் அரசி இரண்டாம் மரியாவை மணந்து லிஸ்பனுக்கு வந்து, அங்கே பெர்னாண்டோ ஆனார். சிந்த்ரா மலை உச்சியில் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும் பேனா அரண்மனையைக் கட்டியவர் அவர்தான்.

## போர்ச்சுகலில் இந்தப் பெயர் எழுப்பும் நினைவுகள்

ஒரு பெயரின் பாரம்பரியம் அகராதியில் கொஞ்சம்தான் இருக்கிறது. மிச்சமெல்லாம் அதைத் தாங்கியவர்களிடம் இருக்கிறது. 1367 முதல் 1383 வரை ஆண்ட முதலாம் பெர்னாண்டோவுக்கு 'அழகன்' என்று பட்டம். லிஸ்பனைச் சுற்றி அவர் எழுப்பிய மதிலை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் மனதில் தைப்பது வேறொருவருடைய கதை.

முதலாம் ஜொவாவோ அரசரின் கடைசி மகன் பெர்னாண்டோ, 1402இல் பிறந்தவர். 1437இல் அவரும் அண்ணன் என்ரிக்கேயும் மொராக்கோவின் தாஞ்சியர் நகரைப் பிடிக்கப் படையோடு போய்த் தோற்றார்கள். மாட்டிக்கொண்ட படை தப்பித்து வர வேண்டுமானால், போர்ச்சுகல் முன்பு பிடித்திருந்த செவுத்தா நகரைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிணையாக ஒரு இளவரசர் அங்கேயே தங்க வேண்டும். தங்கியவர் பெர்னாண்டோ. நகரத்தை வைத்துக்கொள்வதா தம்பியை மீட்பதா என்று அரச குடும்பம் விவாதித்துக்கொண்டே இருந்தது. நகரம் கொடுக்கப்படவில்லை. அவர் 1443இல் ஃபெஸ் நகரச் சிறையில் இறந்தார். மக்கள் அவரைப் 'புனித இளவரசர்' என்றார்கள்.

இன்னொருவர் நமக்கு ரொம்ப நெருக்கமானவர், ஆனால் வேறு பெயரில். 1195 வாக்கில் லிஸ்பனில் பிறந்த ஒரு பையனுக்கு ஞானஸ்நானத்தில் பெர்னாண்டோ என்று பெயர் வைத்தார்கள். அவர் அகுஸ்தீன் சபையில் சேர்ந்து கோயிம்பிராவில் படித்தார். மொராக்கோவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220இல் அந்த ஊருக்கு வந்தபோது மனம் கலங்கி அந்தச் சபைக்கே மாறினார். அப்போது எகிப்தியத் துறவி ஒருவரின் பெயரை ஏற்றுக்கொண்டார்: அந்தோனி. ஆமாம், உவரியிலும் கச்சத்தீவிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் போய் மெழுகுவத்தி ஏற்றுகிற அதே அந்தோணியார்தான். அவருடைய அம்மா அவரை அழைத்தது பெர்னாண்டோ என்று.

லிஸ்பன்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தோணியார் இறந்த ஜூன் 13 அந்த நகரத்தின் பெரிய திருநாள். தெருவெல்லாம் மத்தி மீன் சுடும் புகை மணக்கும். 1888இல் அதே நாளில் அங்கே பிறந்த ஒரு குழந்தைக்குப் பெர்னாண்டோ அந்தோனியோ என்று புனிதரின் இரண்டு பெயர்களையும் சேர்த்து வைத்தார்கள். போர்ச்சுகீசிய மொழியின் மாபெரும் கவிஞர்களில் ஒருவரான பெர்னாண்டோ பெசோவா அவர்.

வீட்டில் இந்தப் பெயர்க்காரர்களை 'நாந்து' என்று கூப்பிடுவார்கள். பெண்பால் பெர்னாண்டா. இன்றைய இளம் பெற்றோர் பிரான்சிஸ்கோ, அபோன்சோ, டுவார்ட்டே என்று போய்விட்டதால் பெர்னாண்டோ கொஞ்சம் தாத்தா காலத்துப் பெயராகத் தெரிகிறது. அபோன்சோ திரும்பியது போல் இதுவும் ஒருநாள் திரும்பலாம்.

## நம் கரைக்கு வந்தது

இனி நண்பரின் கேள்வி. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள், முத்துக்குளிப்பு உரிமைச் சண்டையில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடி, ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞானஸ்நானம் என்றால் புதுப் பெயர். பெயர் கொடுத்தவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் போர்ச்சுகீசியப் பெயர்கள். 1542இல் வந்த பிரான்சிஸ் சேவியர், திருவிதாங்கூர்க் கரையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததையும், ஒவ்வொருவருக்கும் அவர் பெயரை எழுதிக் கொடுத்ததையும் 1545இல் ஒரு கடிதத்தில் சொல்கிறார். அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். கடற்கரை மணலில் வரிசையாக நிற்கும் மீனவர்கள், ஒவ்வொருவர் கையிலும் புதுப் பெயர் எழுதிய ஒரு துண்டு.

வடமேற்கு ஐபீரியாவில் லத்தீன் பேசியவர் கோத்துப் பெயரை எடுத்துக்கொண்ட அதே செயல்தான் இங்கேயும் நடந்தது. கலப்புத் திருமணங்களும் நடந்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் பெயரை மட்டும் வைத்து ஒருவரின் வம்சத்தைச் சொல்ல முடியாது. இலங்கையின் மேற்குக் கரையில் பல பெர்னாண்டோ குடும்பங்கள் 'வர்ணகுலசூரிய' என்ற பழைய குலப்பெயரையும் இன்றுவரை கூடவே வைத்திருக்கின்றன.

கடைசியாக, உச்சரிப்பு. 'பெர்னாண்டோ' என்று 'ண்டோ' போட்டுச் சொல்வது ஆங்கிலம் வழியாக வந்த பழக்கம். லிஸ்பனில் கேட்டுப் பாருங்கள். அங்கே கடைசி 'ஓ' குறுகி 'உ' ஆகிவிடும், 'ட' கிடையாது, நாக்கு பல்லைத் தொட்டு 'ந்து' என்றுதான் வரும். கிட்டத்தட்ட 'ஃபிர்னாந்து'. நம் கடலோரத்துப் பெரியவர்கள் 'பர்னாந்து' என்று சொல்வதையும் எழுதுவதையும் கொச்சை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் போர்ச்சுகீசிய ஒலிக்கு அதுதான் பக்கத்தில் இருக்கிறது. சந்தியாகோ நம்மிடம் 'சந்தியாகு' ஆனதும் இதே காதால்தான். சிங்களத்தில் அது 'ப்ரனாந்து'. ஃப்ரெ, ஃபெர் ஆகி, கொழும்புக் கரையில் ப்ர என்று மறுபடியும் புரண்டுவிட்டது.

தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்தவரை ஆங்கிலத்தில் குரூஸ் பெர்னாண்டஸ் என்று எழுதினார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர் எப்போதும் குரூஸ் பர்னாந்துதான். அடுத்த முறை என் நண்பரைக் கூப்பிடும்போது நானும் அப்படியே கூப்பிடப் போகிறேன்: பர்னாந்து.